பாலர்க்குப் படநூற் பரிசு

கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்தவுடன் கிறிஸ்தவ இல்லங்களில் இருவகைக் கவலைகள் தலையெடுப்பது வழக்கம். ஒன்று பலகாரம் பற்றியது. அதனை அடுக்களையில் உள்ளோர் எப்படியோ தீர்த்துவிடுவர். மற்றொன்று பரிசு பற்றியது. அண்ணன் மகளுக்கு யாது கொடுப்பது, ஞானப்பிள்ளைக்கு யாது கொடுப்பது, அண்டைவீட்டுக் கைக்குழந்தைக்கு யாது கொடுப்பது என்று எண்ணியெண்ணி, இறுதியில் துணிக்கடையிலோ பொம்மைக்கடையிலோ போய் நிற்போர் பலர். புத்தகம் கொடுப்போம் எனத் துணிபவர் சிலர். அச்சிலருள்ளும், எழுத்தறியாப் பருவத்துக் குழந்தைக்குப் படநூல் கொடுக்க எண்ணுபவர் புத்தகசாலைக்குள் நுழைந்தவுடன் திகைத்து நிற்பதை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம்.

அத்திகைப்பிற்குக் காரணம் உண்டு. பொம்மையை வேண்டுவதும் குழந்தை; அதனோடு விளையாடுவதும் குழந்தை. படநூலோ அத்தகையதன்று. அதனை வாங்குபவர் ஒருவர். படித்துக் காட்டுபவர் மற்றொருவர். கேட்டும் கண்டும் மகிழவேண்டியவர் மூன்றாமவர். வாங்குபவர் தம் கண்ணுக்கினியதைத் தேர்ந்தெடுக்க, படிப்பவர் நாவிற்கு அது வாராதொழிய, குழந்தை அதனைச் சிலநாள் கடித்துப் பார்த்துக் கைவிட, தை பிறக்குமுன் அந்நூல் அலமாரியின் மேல்தட்டை அடைந்துவிடுகின்றது. பல வீடுகளில் அக்குழந்தை ஆறு வயது நிரம்புமுன் பெறும் நூல் அஃதொன்றே என்பதை நினைத்தால் இது சிறிய இழப்பன்று. ஆதலின், எந்த மடியில் வைத்து, எவர் குரலில் இந்நூல் படிக்கப்படும் என்பதனை முதற்கண் எண்ணுக என்பதே எம் கருத்து. தாளும் வண்ணமும் அதற்கு அடுத்தவையே.

இக்கவலை நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெர்மானியர் நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் மருத்துவராயிருந்த ஹைன்ரிக் ஹாப்மன் என்பார், தம் மூன்று வயது மகன் கார்லுக்குக் கிறிஸ்மஸ் பரிசாகப் படநூல் ஒன்று வாங்கக் கடைகடையாக ஏறி இறங்கினார். நெடுங்கதைகளும், பிள்ளைகள் உண்மை பேசவேண்டும், தூய்மையாக இருக்கவேண்டும் என்று இடித்துரைக்கும் கதைகளுமே எங்கும் கிடந்தன. ஒரு பெருநூலில் குதிரை, நாய், மேசை, பானை முதலியன வரையப்பட்டு, ஒவ்வொன்றன் அருகிலும் இஃது உண்மையளவில் மூன்றிலொரு பங்கு, எட்டிலொரு பங்கு, பத்திலொரு பங்கு என்று குறிக்கப்பட்டிருந்ததாம். முழுமையே இன்னதென்று அறியாத மூன்று வயதுப் பிள்ளைக்குப் பத்திலொரு பங்கு என்பதால் யாது பயன்? மருத்துவர் சினந்து, வெற்றுத்தாட் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். தாமே படம் வரைந்து, பாட்டும் எழுதி, அதனை நிரப்பி மகனுக்கு அளித்தார். நோயுற்ற குழந்தைகள் தம்மைக் கண்டு அலறும்போது, தாளும் பென்சிலும் எடுத்து ஏதேனும் ஒரு கதையை வரைந்து காட்டி அவர்களை அமர்த்துவது அவர்தம் வழக்கமாயிருந்ததனால், அவருக்கு அப்பணி அரிதாகவில்லை. நண்பர் வற்புறுத்தலால் அது 1845-ல் அச்சேறியது. பின்னர் ‘பரட்டைத்தலைப் பீட்டர்’ என்னும் பொருள்பட வழங்கிய அந்நூல் உலகின் பல மொழிகளிற் புகுந்தது. அமெரிக்க ஆசிரியர் மார்க் ட்வெயின் 1891-ல் பெர்லின் நகரில் தங்கியிருந்தபோது, தம் புதல்வியர்க்குக் கிறிஸ்மஸ் பரிசாக அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தளித்தனர். அப்பெயர்ப்பு அவர் மறைந்த பின்னரே, 1935-ல், அச்சாயிற்று.

இத்துணையும் கூறியதனால் அந்நூலை இன்று வாங்கிக் கொடுக்குமாறு யாம் சொல்வதாகக் கொள்ளற்க. அதில் கட்டைவிரல் சூப்பும் சிறுவன் ஒருவன் விரல்களைத் தையற்காரன் ஓடிவந்து பெருங்கத்தரியால் நறுக்கிவிடுகின்றான். குருதித் துளியும் வரையப்பட்டுள்ளது. இதனை மிகைப்பட்ட நகைச்சுவை என்று பெரியோர் உணர்வர். மூன்று வயதுப் பிள்ளை உணரும் என்பதற்கு உறுதியில்லை. யாம் அவரிடத்து மெச்சுவது வேறொன்று. அவர் பொதுவாகக் ‘குழந்தைகள்’ என்ற ஒரு கூட்டத்துக்காக நூல் தேடவில்லை. தாம் அறிந்த கார்லுக்காகத் தேடினார். கிடைக்காதபோது, கடைக்காரர் நீட்டியதை வாங்கி மனம் அமையவுமில்லை.

இனி, படநூல் என்பது யாது என்பதனைச் சிறிது ஆராய்வோம். படம் உள்ள நூல்கள் யாவும் படநூல் ஆகா. கதையைச் சொற்களே முழுதும் கூறிவிட, அவற்றுக்கு அணியாகப் படத்தை இடையிடையே பதித்த நூல் ஒருவகை; படத்தை நீக்கினும் கதை குறையாது. படநூலில் அவ்வாறன்று. சொல் பாதி சொல்ல, எஞ்சிய பாதியைப் படம் சொல்லும். இம்முறையை ஆங்கில நாட்டிற் செவ்வனே நடத்திக்காட்டியவர் ராண்டால்ப் கால்டெகாட். அவர் 1878 முதல் 1885 வரை, எட்மண்ட் எவன்ஸ் என்னும் தேர்ந்த வண்ண அச்சாளருடன் கூடி, ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் காலத்திற்கென இவ்விரண்டு படநூல்கள் வெளியிட்டுவந்தார். விலை ஒரு ஷில்லிங்கே. 1882-ல் வெளிவந்த ஒன்றில், ஒரு தட்டும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போயின என்று முடியும் சிறுபாட்டு உள்ளது. பாட்டு அத்தோடு முடிந்தது, படம் முடியவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், சொல் ஒன்றும் இன்றி, தட்டு உடைந்து கிடக்கின்றது. கரண்டியைப் பெற்றோர்போலும் முள்ளும் கத்தியும் இருபுறமும் பற்றி இழுத்துச் செல்கின்றன. சிரிப்பதா, இரங்குவதா என்று பெரியோரே மயங்குவர். அமெரிக்க நாட்டில் சிறந்த படநூல் ஓவியர்க்கு 1938 முதல் ஆண்டுதோறும் அளிக்கப்படும் பதக்கம் இவர் பெயரையே தாங்கியிருப்பது பொருத்தமே.

இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. பாட் ஹச்சின்ஸ் என்னும் அம்மையார் 1968-ல் இயற்றிய ‘ரோசியின் நடை’ என்ற நூலில் உள்ள சொற்கள் 32 மட்டுமே. அவையும் ஒரே வாக்கியம். பெட்டைக்கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி உலவி, உணவு வேளைக்கு வீடு திரும்பியது என்பதே அவ்வாக்கியத்தின் பொருள். இதில் என்ன கதை இருக்கின்றது என வினவலாம். படத்தைப் பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கோழியின் பின்னே ஒரு நரி பதுங்கி வருகின்றது! பாய்கின்ற தோறும் ஏதோ ஓர் இடையூறு அதனைத் தாக்குகின்றது. கோழி திரும்பியும் பார்க்கவில்லை. சொற்களும் நரியைப் பற்றி மூச்சுவிடவில்லை. படிப்பவர் அமைதியாக வாக்கியத்தைப் படிக்க, மடியிலிருக்கும் குழந்தை “நரி, நரி” என்று கூவுகின்றது. எழுத்தறிந்தவர் அறியாததைத் தான் அறிந்ததாக ஒரு பெருமிதம் அக்குழந்தைக்கு உண்டாகின்றது. எழுத்தறியாதார்க்கு அத்தகைய பெருமிதத்தை வேறு எந்த நூல்வகை அளிக்கும்? ஆகவே கடையில் நூலைக் கையிலெடுத்தவர் ஒரு பக்கத்தின் சொற்களைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் நோக்குக. பின்னர்ப் படத்தை மறைத்துச் சொற்களை மட்டும் படிக்குக. இரண்டும் ஒன்றையே கூறுமாயின், இரண்டனுள் ஒன்று அங்கே வீணாக நிற்கின்றது என்று அறிக.

நிற்க. குழந்தையின் வயதினை அறியாது நூலைத் தேர்வது, அளவெடாமற் சட்டை தைப்பதை ஒக்கும். இவ்விடத்து எம் மனம் பிள்ளைத்தமிழை நினைக்கின்றது. ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஒன்பதாந் திங்களிற் சப்பாணி, பதின்மூன்றாந் திங்களில் வாரானை, பதினைந்தாந் திங்களில் அம்புலி எனப் பருவந்தோறும் குழந்தை செய்வது இன்னதென்று நம் புலவர் உற்று நோக்கி வகுத்துவைத்தனர். குழந்தைக்கு நூல் செய்த மேனாட்டார் அண்மைக்காலத்திற் கண்டவற்றுட் சில இவ்வகுப்போடு ஒத்துச் செல்வது வியப்பே.

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவது ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ளதே. அதாவது, பாலூட்டும் தாயின் முகம் இருக்கும் தொலைவு. மெல்லிய நிறங்களை அஃது இன்னும் பகுத்தறியாது. கறுப்பும் வெளுப்புமாக மாறுபட்டு நிற்கும் பெரிய உருவங்களையே நோக்கும். இப்பருவத்திற்கு வாங்கும் நூலில் இளநிறப் பூக்களும் பொடிப்பொடியான சித்திரங்களும் நிறைந்திருப்பின், அவை பெரியவர்க்கே பயன்படும். செங்கீரைப் பருவம் தொடங்கிச் சப்பாணிப் பருவம் வரையில், குழந்தை நூலைப் படிப்பது கண்ணால் மட்டுமன்று, வாயாலும் படிக்கும். ஆதலின் கெட்டி அட்டையில் ஒட்டிய, மூலைகள் வளைத்து வெட்டிய சிறுநூலே வேண்டும். கழன்று விழத்தக்க மணி, பொத்தான் முதலியன கோத்த புத்தகத்தை மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு எக்காரணம் பற்றியும் கொடுத்தலாகாது. விழுங்கினால் உயிர்க்கேடு விளையும்.

அடுத்து வருவது சுட்டிக்காட்டும் பருவம். ஏறக்குறைய ஓராண்டு நிரம்பும் காலத்துக் குழந்தை விரல் நீட்டி ஒன்றைக் காட்டி, நம் முகத்தையும் திரும்பிப் பார்க்கின்றது. ‘நான் காண்பதை நீயும் காண்கின்றாயா?’ என்பது அப்பார்வையின் பொருள். தாய் விரல் நீட்டி நிலவைக் காட்டி ‘வா’ என்றழைக்கும் அம்புலிப் பருவம் இதற்கு அடுத்தே வைக்கப்பட்டிருப்பதன் நுட்பம் எமக்கு இப்பொழுதுதான் விளங்குகின்றது. இருவர் ஒன்றனைச் சேர்ந்து நோக்குவதே மொழி வளர்தற்கு நிலைக்களம். இவ்வுண்மையை 17-ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்தவர் மொரேவியச் சகோதரர் சபையின் பேராயராயிருந்த கொமேனியஸ் என்னும் பெரியார். 1658-ல் நூரம்பர்க்கில் அச்சான அவரது படநூலில், காகம் கரைவதும் ஆட்டுக்குட்டி கத்துவதுமாகிய ஒலிகளே எழுத்துக்களுக்கு முதற்பாடமாக அமைந்தன. இன்றைக்கும் ஒருவயதுக் குழந்தைக்கு ‘காகம்’ என்னும் பெயரினும் ‘கா, கா’ என்னும் ஒலியே முன்னர் வரும். அவ்வாறு ஒலித்துக் காட்டுதற்குரிய விலங்கு, பறவை, வண்டி ஆகியவற்றின் படங்களைப் பக்கத்திற்கு ஒன்றாகக் கொண்ட நூல் இப்பருவத்திற்கு ஏற்றது. ஹாலந்து நாட்டு டிக் புரூனா 1955-ல் படைத்த முயற்குட்டி, தடித்த கருங்கோடும் நான்கைந்து தட்டை நிறங்களுமே கொண்டு, முகத்தை நேரே நம் பக்கம் திருப்பியவண்ணம் நிற்கும். எளிது எனச் சிலர் அதனை இகழ்வர். குழந்தைகள் இகழ்ந்ததில்லை.

இரண்டு வயதிற் கைகள் துறுதுறுக்கும். எரிக் ஹில் என்பார் 1980-ல் வெளியிட்ட நூலில், ஒளிந்துகொண்ட நாய்க்குட்டியைக் கதவுபோல் ஒட்டிய தாளைத் திறந்து திறந்து தேடவேண்டும். எரிக் கார்ல் என்பார் 1969-ல் செய்த கம்பளிப்பூச்சி நூலில், பூச்சி தின்ற இடமெல்லாம் தாளில் உண்மையான துளைகளே இருக்கும். பிள்ளை அவற்றில் விரலை நுழைத்துப் பார்க்கும். அத்துளைகளைக் கட்டுபடியாகும் விலையில் இட்டு அச்சிட அமெரிக்காவில் வழி காணாது, முதற்பதிப்பை ஜப்பானில் அச்சிட்டனர் என்பது சுவையான செய்தி. பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் பொருள் செலவிட்டு முயற்கதையை 250 படிகள் அச்சிட்டபோது, சிறு கைகளுக்குச் சிறு நூலே வேண்டும் என்பதிற் பிடிவாதமாயிருந்தார். நூல் பெரிதானால் பரிசும் பெரிது என்று எண்ணுவோர் இதனைக் கருதுவாராக. மூன்று நான்கு வயதில் கதை வேண்டும். அச்சமும் சிறிது வேண்டும். மாரிஸ் செண்டாக் 1963-ல் வெளியிட்ட கொடும்பூத நூலில், சிறுவனின் சினம் பெருகப் பெருகப் படமும் பெருகிச் சொற்களை விழுங்கிவிடுகின்றது. பின்னர் அவன் தன் அறைக்கு மீள, சூடான உணவு காத்திருக்கின்றது. அஞ்சவைத்த நூல் அன்பிற் கொண்டுவந்து சேர்க்குமாயின் குற்றமில்லை. பரட்டைத்தலைப் பீட்டரில் இல்லாதது இவ்விறுதியே.

இனி, எம் கருத்தில் எல்லாவற்றினும் முதன்மையானதும், வாங்குவோர் மிகுதியும் மறப்பதுமாகிய செய்திக்கு வருவோம். அவ்வில்லத்தில் நூலைப் படித்துக் காட்டுபவர் எவர்? அவர் நாவில் எம்மொழி உள்ளது? நம் நகரங்களிற் பரிசாக வாங்கப்படும் படநூல்களிற் பல ஆங்கிலமே. பெற்றோர் ஆங்கிலம் அறிந்தவராயின் தடையில்லை. அறியாதாராயின், அல்லது அறிந்தும் தயங்கிப் படிப்பவராயின், அந்நூல் மடிக்கு வாராது. தாயின் குரல் தடுமாறுவதைக் குழந்தை பொறுக்கும், தாய்தான் பொறாள்.

தமிழ்நூல் வாங்கினால் இடர் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. செந்தமிழ் பயில்கின்ற யாமே இதனைக் கூறுதல் சில நண்பர்க்கு வியப்பாகலாம். ஆயினும் கூறத்தான் வேண்டும். ஒரு படத்தின் கீழ் ‘யானையானது நீரினைப் பருகிற்று’ என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். தாய் அதனை அவ்வாறே படித்தால் குழந்தை அவள் முகத்தை நோக்கும். ‘யானை தண்ணி குடிக்குது பாரு’ என்று அவள் மாற்றிச் சொன்னால் படத்தை நோக்கும். ஏட்டு மொழிக்கும் வீட்டு மொழிக்கும் இடைவெளி இத்துணை அகன்ற நம்மவரிடையே, படிப்பவரே பக்கந்தோறும் மொழிபெயர்ப்பாளரும் ஆகவேண்டியிருக்கின்றது. இதனைத் தீமை என்று யாம் கொள்ளவில்லை. படநூலில் எழுத்துக்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்னும் விதி இல்லை. ஆனால் சொற்கள் குறைந்த நூலில் அம்மாற்றம் எளிது. பத்தி பத்தியாக நிறைந்த நூலில் அரிது. வேற்றுமொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த நூல்களிலோ, எழுவாய் ஒரு மூலையிலும் பயனிலை மற்றொரு மூலையிலும் கிடந்து மூச்சுத் திணறச் செய்வதும் உண்டு. ஆகையால், வாங்குமுன் கடையிலேயே இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பார்க்குக. பிறர் நகைப்பாரே என்று நாணவேண்டா. பிள்ளைக்குப் பிடித்த நூலை வீட்டில் நூறுமுறை படிக்கவேண்டிவரும். இரண்டாம் முறையிலேயே அலுக்கும் நடையை நூறாம் முறை எவர் தாங்குவர்?

எழுத்தே அறியாதார் இல்லத்திற்கு யாது செய்வது? அதற்கும் வழியுண்டு. சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் எம் வகுப்பினர் சிலர் பொருள் திரட்டி, கல்லூரிக்கு அணித்தாயுள்ள சிற்றூர் ஒன்றின் ஓய்வுநாட் பள்ளிப் பாலர்க்குப் படநூல்கள் கொண்டுசென்றோம். அவற்றுள் ரேமண்ட் பிரிக்ஸ் என்பார் 1978-ல் வெளியிட்ட ‘பனிமனிதன்’ ஒன்று. அதில் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு சொல்லும் இல்லை. பனி காணா நாட்டுப் பிள்ளைக்குப் பனிக்கதை ஏன் என்று எம்முள் ஒருவர் தடுத்தார். அத்தடை நியாயமாகவே எமக்கும் தோன்றிற்று. அந்நூல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சென்றது. அவள் அதனைத் தன் பாட்டியிடம் நீட்ட, “எனக்கு எழுத்துத் தெரியாதேய்யா” என்று அம்முதியவள் எம்மை நோக்கினாள். “எழுத்தே இல்லை, பாட்டி, படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றோம். அவள் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு, “ஒரு பையன் மாவுல ஒரு மாமா செஞ்சானாம்” என்று தொடங்கினாள். அம்மாமா இரவில் எழுந்து நடந்தார், அடுக்களையைப் பார்த்தார், பையனைத் தூக்கிக்கொண்டு வானில் பறந்தார். பொழுது விடிந்து, தொப்பியும் கழுத்துத் துணியும் மட்டும் கிடக்கும் பக்கம் வந்தபோது, பாட்டி சற்று நேரம் பேசவில்லை. “போயிட்டாரு” என்றாள். சிறுமி, “மறுபடியும்” என்று முதற்பக்கத்தைத் திறந்தாள். பனி எது, மாவு எது என்பது அங்கே எவருக்கும் இடையூறாகவில்லை. எழுத்தறியாத முதியவர் பேத்திக்கு நூல் படித்துக் காட்டிய காட்சியை அதுவரை யாம் கண்டதில்லை. சொல்லில்லா நூலைக் கண்டு, ‘படிக்க ஒன்றுமில்லையே, பணம் வீண்’ என்று திருப்பி வைப்போர்க்காகவே இதனை இத்துணை விரித்துரைத்தோம்.

கிறிஸ்மஸ் ஆதலின், கிறிஸ்து பிறப்பின் கதையையே படநூலாகக் கொடுக்க விரும்புவோர் பலர். அவர்க்குச் சில குறிப்புக்கள். மத்தேயுவும் லூக்காவும் கூறுபவற்றை ஓவியர் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்தே வரைவர். முன்னணையும் மேய்ப்பரும் லூக்காவில் உள்ளன. சாஸ்திரிகளும் நட்சத்திரமும் மத்தேயுவில் உள்ளன. சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு யாண்டும் கூறவில்லை. காணிக்கை மூன்றாதலின் ஆளும் மூவராயினர் போலும். முன்னணையருகே நிற்கும் எருதும் கழுதையும் சுவிசேஷங்களில் இல்லை. ஏசாயாவின் முதலதிகாரத்திலிருந்து அவை ஓவியர் மரபிற் புகுந்தன என்பர். இவற்றை நீக்கிய நூலையே தேடுக என்று யாம் சொல்லோம். எருதும் கழுதையும் இல்லாவிடின் இரண்டு வயதுக் குழந்தை அப்படத்தில் எதைத் தன்னதென்று சுட்டும்? ஆனால் பொன்மயிரும் நீலவிழியும் கொண்ட மரியாளைப் பெத்லகேமில் நிறுத்தும் படங்களை மட்டும் சிறிது விலக்கி வைக்கலாம். யூதேயாவில் பிறந்த தாய் அவ்வாறு தோன்றியிருப்பாள் என்பதற்கு நியாயமில்லை. கோவாவிற் பிறந்த ஆஞ்சலோ த பொன்சேகா (1902–1967) அவளுக்குச் சேலையுடுத்தி வரைந்ததும் சரித்திரம் அன்றுதான். ஆயினும் அச்சேலையைக் காணும் நம் குழந்தை ‘அம்மா’ என்று கைநீட்டும். பிற சமயத்தார் இல்லத்துக் குழந்தைக்குப் பரிசளிக்கும்போது, கோழியும் நரியும் உள்ள கதையே கொடுத்தல் தகும் என்பது எம் துணிபு. திருநாளின் மகிழ்ச்சியிற் பங்கு தருவதே பரிசு. அது தூண்டில் முள்ளாகலாகாது. இதனோடு மாறுபடும் நண்பர் எம் விடுதியிலேயே உளர்.

பொத்தானை அமுக்கினால் கத்தும் நூல்களைப் பற்றி ஒரு சொல்: மின்கலம் தீர்ந்தபின் அவற்றில் எஞ்சுவது யாது என்று பார்த்து வாங்குக.

நம் நாட்டிலேயே நல்ல படநூல்கள் கிடைக்கின்றன. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957-ல் டில்லியில் நிறுவிய குழந்தைகள் புத்தக அறநிலையமும், அதே ஆண்டில் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும் குறைந்த விலைக்கு நூல்கள் வெளியிட்டன. சென்னையில் 1996-ல் தோன்றிய தூலிகா, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளிற் படநூல்கள் கொணர்கின்றது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த நூல்களும் அவற்றுள் உண்டு. பாட்டி ஒரு மொழியும் தந்தை ஒரு மொழியுமாகப் படிக்கும் இல்லங்களுக்கு அவை பொருந்தும். 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் எளிய விலையையே நோக்கமாகக் கொண்டது. சென்னைத் தாரா நிலையத்தார் கோண்டு ஓவியர் மூவரைக் கொண்டு 2006-ல் வெளியிட்ட, மரங்களின் இரவு வாழ்வைக் கூறும் நூல், கருந்தாளில் கையாலேயே அச்சிட்ட பேரழகு வாய்ந்தது. அதனை ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாங்குவோர் உண்மையில் தமக்கே வாங்கிக்கொள்கின்றனர். அதுவும் ஒரு கிறிஸ்மஸ் பரிசே. பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

வண்ணத்தாளிற் சுற்றுமுன் நூலின் நடுப்பக்கத்தை விரித்துப் பார்க்குக. படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களாகவே இருக்கும். பெருந்தாளை மடித்து அச்சிடும் முறையில் அக்கணக்கு எளிதாக அமைவதே காரணம். மடிப்பின் நடுவே நூலால் தைத்திருப்பின் நெடுநாள் உழைக்கும். பசையால் மட்டும் ஒட்டியிருப்பின், ஆவலோடு விரிக்கும் சிறுகைகளில் ஈஸ்டருக்குள் இதழ் இதழாக உதிரும். முதற்பக்கத்திற் குழந்தையின் பெயரையும் ஆண்டையும் எழுதலாம். நீண்ட ஆசியுரை வேண்டா. அதனையும் பென்சிலால் எழுதுதல் நலம். இரண்டு மூன்று ஆண்டில் அந்நூல் தங்கைக்கோ அடுத்த வீட்டுத் தம்பிக்கோ போகவேண்டியிருக்கும்.